ரங்கூன் மாமியின் கோப்பை

அந்த மணம் மூக்கில் ஏறுவதற்கு முன்னம் தொண்டையைப் பிடித்துவிடும். கூனி இறாலை உப்போடு இடித்து, ஜாடியில் அடைத்து மாதக்கணக்கில் புளிக்கவிட்டு, அதில் ஒரு கரண்டி எடுத்துக் கொதிக்கும் மீன்சாற்றில் கரைக்கும்போது எழும்பும் மணம் அது. முற்றம் நிறையக் கருவாடு காயப்போட்டிருந்த பள்ளிமுனைச் சனங்களான நாங்கள் அதற்கு மூக்கைப் பொத்தினோம் என்பதை எழுதவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டு மாமா முன்பு கப்பலில் வேலை செய்தவர். அவர் ரங்கூனில் கல்யாணம் கட்டிக் கூட்டிவந்தவர்தான் ரோசா மாமி. ரோசா என்பது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். தெருவுக்கு அவர் "ரங்கூன்காரி". அவருடைய ஊரில் காலையில் வீட்டுக்கு வீடு இந்தச் சாறுதானாம். அங்கத்தைய அரிசி நூலுக்குப் பதிலாக இங்கே இடியப்பத்தில் ஊற்றினார். மாமா கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் போய்வருகிறவர்களிடம் சொல்லி, அதில் போட வாழைத்தண்டு எடுப்பித்துக் கொடுப்பார். சனிக்கிழமைதோறும் மாமி காய்ச்சி, பூப்போட்ட பீங்கான் கோப்பையில் எங்களுக்கும் ஒரு பங்கு தருவார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வீட்டிலிருந்த நான்தான் வேலியடியில் நின்று அதை வாங்குவேன்.

அம்மா அதை வாயில் வைத்ததில்லை, எங்களையும் வைக்க விட்டதில்லை. கோழிக்கூட்டடியில் ஊற்றி, கோப்பையைக் கழுவி, வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பதற்காக ஒரு கை சீனி போட்டுத் தருவார்.

"நல்லாயிருந்ததெண்டு சொல்லிப்போட்டு வா. ஊர் விட்டு ஊர் வந்தவள், மனம் நோகப்படாது."

முன்வீட்டுப் பெரியம்மாவுக்கு இது பெரிய பகிடி. "உங்கட கோழியள் இனி ரங்கூன் பாசையிலதான் கொக்கரிக்கும், பாருங்கோ!"

நானும் போய் அப்படியே சொல்லுவேன். மாமியின் முகம் மலரும். அடுத்த சனிக்கிழமை கோப்பை இன்னும் நிரம்பி வரும்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு மாரியில் மாமிக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கோ என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவின் கஞ்சியும் உள்ளே போகவில்லை, பெரியம்மாவின் சூப்பும் போகவில்லை. ஐந்தாம் நாள் மாமி என் கையைப் பிடித்தார்.

"நீ காய்ச்சு, புள்ள. என்ர சாறு. உனக்குத்தான் ருசி தெரியும். ரெண்டு வருசம் குடிச்ச."

அம்மா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

மாமா வாழைத்தண்டுக்கு ஓடினார். மாமியின் ஜாடியை வாங்கிவந்து எங்கள் அடுப்பில் வைத்தேன். மீனை அவித்து முள் எடுத்துப் போட்டேன், தண்டை அரிந்து போட்டேன். கோப்பையில் நான் கண்ட சாறு எப்போதும் மஞ்சளாய்த் தடித்திருந்தபடியால், எங்கள் சொதியைப்போலத் தேங்காய்ப்பால்தான் விட்டிருப்பார் என்று நினைத்து, பாதித் தேங்காயைத் துருவிப் பிழிந்து விட்டேன். வறுத்து இடித்த அரிசிமாதான் அதைத் தடிக்க வைப்பது என்று பிறகுதான் அறிந்தேன். ஒரு வாய் குடித்திருந்தால்கூட அதில் பால் இல்லையென்று எனக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டுக் கோப்பையில் கொண்டுபோய் ஒரு கரண்டி ஊட்டினேன். மாமி விழுங்காமல் கனநேரம் வாயில் வைத்திருந்தார்.

"பால் விட்டியா?"

"ஓம் மாமி."

"அப்ப, ஆர் குடிச்சது?"

வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. மாமி மாமாவைக் கூப்பிட்டு, சாற்றை ஊற்றிவிட்டுக் கோப்பையைக் கழுவி, ஒரு கை சீனி போட்டு என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"அம்மாட்டச் சொல்லு, நல்லாயிருந்தது."

மூன்றாம் நாள் மாமிக்காகக் கோயிலில் துக்க மணி அடித்தது. அந்தச் சீனியை அம்மா தொடவில்லை. அலுமாரித் தட்டிலேயே இருந்து எறும்பு கொண்டுபோனது.

சண்டையில் அந்த வீடும் போனது, எங்கள் வீடும் போனது. வேலி இருந்த இடத்தைக் காட்டவும் இன்று அங்கே ஆளில்லை. நான் கனடாவில் மகளோடு இருக்கிறேன். எதிர்க்கதவில் எத்தியோப்பியப் பெண் ஒருத்தி. கதைக்கப் பாசை இல்லாதபடியால், பனங்கிழங்கு மாவில் மீன் போட்டு ஒடியற்கூழ் காய்ச்சும் நாளில் ஒரு கோப்பை கொடுப்பேன். மறுநாள் கோப்பை கழுவி வரும், உள்ளே இரண்டு தோடம்பழம் இருக்கும். பெருவிரலை உயர்த்திக் காட்டிச் சிரிப்பாள். நானும் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தி, கோப்பையை மணந்து பார்ப்பேன். சவர்க்கார மணம்தான் வரும்.