யம்செக் வனையாத முகம்

பெற்ற மகனையே நொறுக்கிய பேய் என்று யம்செக்கை ஊர் தூற்றுகிறது. தூற்றுபவர்கள் அவள் வனைந்த பானையில்தான் இன்றும் சோளக்கள் குடிக்கிறார்கள். வெட்கம் கெட்டவர்கள். அவள் சூளைக்கு அடுத்த சூளை என்னுடையது; நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

கோயில் மலையடியில் ஆண்டுதோறும் வீரர்கள் தண்டாயுதம் ஏந்தி ஒருவரோடொருவர் மோதுவார்கள். வென்றவன் முகத்தை நாங்கள் பானையாக வனைய வேண்டும். மூக்கு, தழும்பு எதுவும் பிசகக் கூடாது. எங்கள் தெய்வமான மலை ஆளை அடையாளம் கண்டுகொள்வது அதை வைத்துத்தான். அவன் தோற்கும் ஆண்டில் அதே முகத்தைக் கழுத்துக் கயிற்றோடு வனைவோம். மலைக்குப் பலியாக அவன் தொண்டையை அறுத்து, காலடியில் அந்தப் பானையையும் போட்டு உடைப்பார்கள். ஊனப்பட்டவன் மட்டும் மோதலாகாது, அவனை மலை வாங்காது.

யம்செக்கின் கணவனுக்கு வெற்றி முகமும் அவள்தான் வனைந்தாள், கயிற்று முகமும் அவள்தான். அவன் ரத்தத்தைக் கிண்ணத்தில் பிடித்தபோது முன்னால் நின்றாள். உடைந்த ஓடுகளில் அவன் உதடு மட்டும் முழுசாகக் கிடந்தது.

பிறகு குயும் என்ற அவள் மகன் மோதினான். எதிராளியின் தாடையை உடைத்து, மயிரைப் பிடித்து இழுத்துவந்தான். மறுநாள் காலை, காய்ந்த ரத்தத்தைக்கூடக் கழுவாமல் அம்மா முன் வந்து உட்கார்ந்தான்.

"ம், வனை. அப்பன் மூக்கவிட என் மூக்கு எடுப்பா வரணும்."

"இனிமே போகமாட்டேன்னு சொல்லுடா."

"போகாம, உன்கூட மண்ணு பெசையவா? ஊரே காறித் துப்பும்."

"துப்புனா தொடச்சிக்கலாம்டா."

"நான் தோக்கமாட்டேன் ஆத்தா."

"உங்கப்பனும் இதே எடத்துல உக்காந்துதான் சொன்னான். சரி, கையப் பலகைமேல வை. மூஞ்சிய ஆட்டாத."

வலது கையை வைத்தான். மண்கட்டி உடைக்கும் கல்லை எடுத்து மணிக்கட்டில் போட்டாள். என் சூளையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கே எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது. நான் ஓடிப்போவதற்குள் விரல்களையும் நசுக்கிவிட்டாள். அவன் உதைத்த உதையில் அவள் பல் தெறித்தது.

"இப்ப மோதப் போடா," என்றாள், ரத்தத்தைத் துப்பியபடி.

மலைக்குரியதைத் திருடினாள் என்று கோயில்காரர்கள் அவள் மூக்கையும் மேலுதட்டையும் அறுத்துவிட்டார்கள்.

குயும் இப்போது என்னிடம் இடது கையால் மண் பிசைகிறான். அம்மா முகத்தில் விழிப்பதில்லை. அவள் தினமும் பொழுது சாய என் வேலியோரம் வந்து நிற்பாள்.

"இன்னைக்கும் என்னைத் திட்டுனானா?"

"திட்டுனான்க்கா."

"சத்தமாவா?"

"ஊருக்கே கேட்டுச்சு."

அந்த அறுந்த வாயில் சிரிப்பு வரும்.