பல்லை உடைக்காமல் அனுப்பிய கேசட்

1. கையில் ஸ்க்ரூ டிரைவர்

துபாயில் தேராவில் ரேடியோ கடை, சத்வாவில் டேப்ரிக்கார்டர் சர்வீஸ், கராமாவில் ஷோரூம். மூன்றையும் நிற்க வைத்தவன் நான். எழுபதுகளின் தொடக்கத்தில் விசா இல்லாமல் லாஞ்சுப் படகில் வந்து, கோர்ஃபக்கான் கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்தபோது என்னிடம் இருந்தவை ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சால்டரிங் அயர்ன், பாலிதீன் பையில் சுற்றிய ஒரு சட்டை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. சர்க்யூட் படம் பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. செத்த ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்து நானே கற்றுக்கொண்டேன். ஷேக் வீட்டில் விருந்தினர் கூடும் மஜ்லிஸில் ஸ்பீக்கர் கட்டியவன் நான். இந்தியாவில் படித்த இன்ஜினியர்கள் கைவிட்ட ஆம்ப்ளிஃபயரை அரை மணி நேரத்தில் பேச வைத்தவனும் நான்தான்.

இதெல்லாம் ஊருக்கே தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. சீனப் பெண் தலைவர் ஒருவரின் வாழ்க்கை புத்தகமாக வந்திருக்கிறது. அதற்கும் அஸ்திவாரம் போட்டவன் நான். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

2. எங்கள் வழக்கம்

போனில் முகம் பார்த்துப் பேசும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு நாங்கள் வீட்டுக்குக் கேசட்டில்தான் பேசினோம். பேசி முடித்து, லீவில் ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்து விடுவோம். வீட்டில் கேட்டுவிட்டு, அதே கேசட்டில், எங்கள் பேச்சின் மேலேயே பதில் பேசி அனுப்புவார்கள்.

என் மனைவி பாக்கியம் அதிகம் பேச மாட்டாள். மாடு கன்று போட்டது, கூரை ஒழுகுகிறது என்று பத்து நிமிஷம். அதோடு சரி. அப்புறம் ஒரு 'டக்' சத்தம். அதன் பிறகு அவள் பேச்சு அழிக்காமல் விட்ட என் பழைய குரல், நாலு மாதத்துக்கு முந்தைய குரல், பாதி வாக்கியத்திலிருந்து கிளம்பும். "...நீ நேரத்துக்குச் சாப்பிடுறியா பாக்கியம்?" கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்பேன். கேட்டவனும் நான், பதில் தெரியாமல் இருப்பவனும் நான்.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதில் மறுபடி ரெக்கார்ட் செய்ய முடியாது. பேச்சு பத்திரம். எங்கள் ஆட்கள் யாரும் உடைப்பதில்லை. உடைத்தால் பதில் எப்படி வரும்?

3. ஊசி சிவப்புக்குப் போனது

தேராவில் என் கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு சீன ஹோட்டல். முதலாளி பெயர் சென், ஹாங்காங்காரர். அவர் மனைவி லான் மலேசியாவில் ரப்பர் எஸ்டேட் பக்கத்தில் வளர்ந்தவள். அவள் தமிழ் பேசியதை முதலில் கேட்டபோது என் கையிலிருந்த சால்டரிங் அயர்ன் தொடையில் பட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது.

ஒரு நாள் கடைக்கு வந்தாள். "அண்ணே, எங்க வீட்டுக்காரரோட அத்தை எங்ககூடத்தான் இருக்காங்க. அவங்களுக்கு எழுபது தாண்டிருச்சு. சீனாவுல இருக்கிற மகளுக்குப் பேசி அனுப்பணுமாம். நீங்க வந்து மெஷின் போட்டுத் தர முடியுமா?"

வெள்ளிக்கிழமை லீவு. கராமாவில் அவர்கள் ஃப்ளாட்டுக்குப் போனேன். குட்டையான உருவம், காது வரை வெட்டிய வெள்ளை முடி. பெரியம்மா என்றே கூப்பிட்டேன். அவர் மெஷினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"இந்தப் பெட்டி பொய் சொல்லுமான்னு கேக்குறாங்க அண்ணே."

"பேசுறவங்க சொன்னாத்தான் உண்டுன்னு சொல்லு தங்கச்சி."

லான் சொன்னதும் பெரியம்மா சிரித்தார். "அப்ப அவங்க ஜாக்கிரதையா இருக்கணுமாம். அவங்க அரசியல்வாதியாம்."

ஜன்னல் ஏசி ஓடினால் டேப்பில் மழை பெய்வது போலக் கேட்கும். நிறுத்தச் சொன்னேன். ஃபேனையும் நிறுத்தினேன். வெளியே கோடை கொளுத்தியது. எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. அவர் கழுத்தில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். உட்கார்ந்து பேச அவருக்கு வராதாம். ஒரு கையை மேஜையில் ஊன்றி ஆரம்பித்தார். லெவல் காட்டும் ஊசி ஒரே தாவலில் சிவப்புக்குப் போனது. நான் குறைத்துக்கொண்டே இருந்தேன்.

லான் அவ்வப்போது காதோடு சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்தபோது பின்னலை வெட்டி எறிந்துவிட்டுப் புரட்சிப் படையில் சேர்ந்தது. வெட்டிய முடிக்காகவே தெருவில் பெண்களைப் பிடித்துக் கொன்ற காலம் அது. ஜெயில். பிறகு ஜப்பான்காரன் படையெடுத்து வந்தபோது, மலை நகரத்தில் கூடிய யுத்தகால சபைக்கு உறுப்பினராகப் போனது. நூற்றுக்கணக்கான ஆண்கள் நடுவில் விரல் விட்டு எண்ணும் அளவு பெண்கள். அனாதைப் பிள்ளைகளுக்கு அரிசி கேட்டு அங்கே மேஜையைத் தட்டியது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஒரு இடத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஊசி அடியில் படுத்துவிட்டது. நான் லெவலை முழுக்க ஏற்றியும் போதவில்லை. எனக்குச் சீனம் தெரியாது. ஆனால் ஊசி தெரியும். லானைப் பார்த்தேன்.

"மகளைப் பத்தி சொல்றாங்க. சபைக்குப் போறப்போ ஆறு வயசுப் பிள்ளையைச் சொந்தக்காரங்க கிராமத்துல விட்டுட்டுப் போனாங்க. யுத்தம் முடிஞ்சதும் அடுத்த யுத்தம். இவங்க ஹாங்காங் வந்துட்டாங்க, அப்புறம் போகவே முடியல. ஹாங்காங் வந்தே முப்பது வருஷம். ஊரான் பிள்ளைங்களுக்கு அரிசி வாங்கிக் குடுத்தேன், உன்னை விட்டுட்டேன், ஏன்னு உனக்குச் சொல்லணும்னு பேசுறாங்க. அதுக்குத்தான் இந்தக் கேசட்டே."

மூன்று கேசட் ஆனது. பெட்டியில் வைக்கும்போது லானிடம் சொல்லி, சீனத்தில் ஒரு சீட்டு எழுத வைத்தேன். 'கேட்டு முடித்ததும் இதிலேயே பதில் பேசி அனுப்பு.' அந்த ஊரில் காலிக் கேசட் கிடைக்குமோ என்னவோ என்று எனக்குக் கவலை. பெரியம்மாவிடம் கேட்கவில்லை. பற்களை உடைக்கவும் இல்லை.

4. பதில்

சென்னின் தம்பி ஹாங்காங்கில் இருந்தார். அப்போதுதான், எழுபதுகளின் கடைசியில், சீன எல்லை கொஞ்சம் திறந்திருந்தது. அவர் ஒரு மெஷினையும் தூக்கிக்கொண்டு போய் மகளிடம் கொடுத்து, சில மாதம் கழித்துக் கேசட்டுகளைத் திரும்ப வாங்கி அனுப்பினார்.

முதல் கேசட்டைப் போட்டேன். வேறு ஒரு பெண்ணின் குரல். பெரியம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டார். சென் மட்டும் அடுத்த கேசட்டை எடுத்து இன்னொரு மெஷினில் லானைப் போடச் சொன்னார். அதிலும் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். அவர் முகம் மாறியது.

"மாரி, அத்தை பேசியது எங்கே?"

சொன்னேன். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன்.

"யூ ஃபினிஷ் மை ஆன்ட்டி லைஃப். கலாஸ்." எல்லாம் முடிந்தது என்று அரபியில் சொல்லிக் கதவைக் காட்டினார். "யல்லா, கோ."

நான் எழுந்துவிட்டேன். இத்தனை வருஷத் தொழிலில் என்னை எவனும் வெளியே போ என்று சொன்னதில்லை. ஆனால் பெரியம்மா கையைத் தூக்கினார். சபையில் அப்படித்தான் தூக்கியிருப்பார். சென் வாயை மூடிக்கொண்டார்.

மகள் பேசிக்கொண்டிருந்தாள். லான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "ரெண்டு தடவை முழுசா கேட்டாங்களாம். ஜெயில், சபை, அரிசி எல்லாம் சொன்னீங்க, நீங்க போன அன்னைக்குக் காலையில எனக்குத் தலை பின்னி விட்டதைச் சொல்லவே இல்லையேன்னு கேக்குறாங்க. அவசரம்னு ஆள் கூப்பிட்டுக்கிட்டே இருந்தானாம். இவங்க ரெண்டு பின்னலையும் முடிச்சிட்டுத்தான் போனாங்களாம். மக அதைப் பிரிக்க விடாம எத்தனையோ நாள் வச்சிருந்தாங்களாம்."

அப்புறம் அந்த 'டக்'. மகள் முடித்துவிட்டாள். அடுத்த நொடி பெரியம்மாவின் பழைய குரல், அழியாமல் தப்பிய கடைசித் துண்டு, பாதி வாக்கியத்திலிருந்து முழங்க ஆரம்பித்தது. அரிசி கேட்டு மேஜையைத் தட்டும் இடம்.

பெரியம்மா மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னதை லான் எனக்குச் சொன்னாள். "அவ முடிச்ச பிறகுதான் நான் பேசுறேன். சபையில கூட நான் இவ்வளவு ஒழுங்கா என் முறை வர்ற வரைக்கும் காத்திருந்தது இல்லன்னு சொல்றாங்க."

அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். எத்தனை தடவை ரீவைண்ட் செய்தேனோ, கணக்கில்லை. அன்றைக்கு ரூமுக்கு வந்து நானும் பாக்கியத்தின் கேசட்டைப் போட்டேன். அந்த 'டக்' வருவதற்கு முன்னால் நிறுத்திவிட்டேன்.

5. இரண்டாம் முறை

அடுத்த வெள்ளிக்கிழமை நானே போனேன். சென் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பெரியம்மாவுக்கு இருமல் வந்திருந்தது. "இன்னொரு தடவையா? ஜெயிலுக்கு நான் ஒரு தடவைதானே போனேன்" என்றாராம். ஆனாலும் சம்மதித்தார்.

இந்த முறை அவர் எழுந்து நிற்கவே இல்லை. ஊசி ஒரு தடவைகூடச் சிவப்பைத் தொடவில்லை. பின்னல் போட்ட காலையிலிருந்து ஆரம்பித்தார். ஜெயிலும் சபையும் அதற்குப் பிறகுதான் வந்தன. ஏழு வெள்ளிக்கிழமை ஏசி இல்லாமல் உட்கார்ந்தோம்.

இரண்டு மெஷினை நானே ஒயர் கட்டிச் சேர்த்து, ஒவ்வொரு கேசட்டுக்கும் நகல் எடுத்தேன். அப்போது தேராவில் வேறு யாருக்கும் அது தெரியாது. எல்லாவற்றின் பல்லையும் ஸ்க்ரூ டிரைவரால் உடைத்தேன். மகள் பதில் பேசக் காலிக் கேசட்டுகளைத் தனியாக வைத்து அனுப்பினேன்.

அடுத்த வருஷம் பெரியம்மா காலமானார். மகளால் வர முடியவில்லை. ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொள்ளவில்லை.

6. என் பங்கு

சென் ஹாங்காங்குக்குத் திரும்பியபோது எடுத்துப்போன நகல் கேசட்டுகளை வைத்து இப்போது அங்கே புத்தகம் போட்டிருக்கிறார்கள். லான் எனக்கு ஒரு பிரதி அனுப்பினாள். போனில் முன்னுரையை வாசித்துத் தமிழில் சொன்னாள். குரலைப் பதிவு செய்தது சென் என்று இருக்கிறதாம். சென்னுக்கு எது ப்ளே, எது ரெக்கார்ட் என்றே தெரியாது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். யார் குரலையும் ஒரே ஒரு கேசட்டில் வைத்துக் கையை விட்டு அனுப்பாதீர்கள். முதலில் நகல். நம் வழக்கம்தான் ஊருக்கெல்லாம் வழக்கம் என்று நினைக்காதீர்கள்.

புத்தகம் போட்டவர்களுக்கு, அடுத்த பதிப்பில் இரண்டு வரி சேர்க்க வேண்டும். லான், நீ சீனத்தில் எழுதிக் கொடு. 'பதிவு செய்து நகல் எடுத்தவர் துபாய் ரேடியோ மாரிமுத்து. முதல் பதிவு அழிந்ததற்குக் காரணமானவரும் அவரே.' இரண்டாவது வரியை விட்டுவிடக் கூடாது. அந்தப் புத்தகம் ஒரு பின்னலில் ஆரம்பிக்கிறது என்று நீதான் சொன்னாய். முதல் மூன்று கேசட்டில் அந்தப் பின்னல் இல்லை.