இலையை மடிக்காதவன்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் தன் தொப்பையைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள்? இன்றைக்கு மழை. தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டது, வேலை இல்லை, பேசவும் ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கரையையும் உடலையும் தனித்தனியாக ஓட்டிக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். நானும் என் நண்பனும் உட்கார்ந்தோம். மதியம் இருவரும் பெரிய காஞ்சிபுரத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போவோம். அவன் இலையை மடித்தால் நானும் மடிப்பேன். என் வயிறு நிறைந்ததா என்று யோசித்ததே இல்லை.

அவனுக்குக் கல்யாணம் ஆனது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக ஆரம்பித்தான். என் அம்மா ஓரிக்கையில் அக்காவோடு இருந்தாள். எனக்கு இருந்தது பூட்டிய அறைதான். கடையில் தனியாக உட்கார்ந்தேன்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டாப்பா?" என்று பரிமாறுகிறவர் கேட்பார். தறிப் பேச்சு தவிர அன்றைக்கு என்னிடம் ஒருவர் கேட்ட கேள்வி அதுவாகத்தான் இருக்கும். போடச் சொல்வேன். இலையை மடித்தால் எழுந்துவிட வேண்டும். எழுந்தால் அந்த அறை. மடிக்காமல் தின்றேன்.

நெய்த சேலை சுருளும் படமரத்தில் தொப்பை இடிக்க ஆரம்பித்தது.

"இன்னாடா, நாடே அரிசிக்கு வரிசைல நின்னுகினு இருக்குது. உனுக்கு மட்டும் எங்கேர்ந்துடா இது?" என்றான் நண்பன்.

"நீ விட்டுட்டுப் போன சோத்த யாரு துன்றது? இதுல பாதி உன் பங்குடா."

இருவரும் சிரித்தோம். அறைக்குப் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொப்பையைக் குறைக்கப் பட்டினி கிடக்கிறேன் என்று அந்த அரிசிப் பஞ்சத்தில் சொன்னால் கல்லால் அடிப்பார்கள். அதனால் விரதம் என்றேன். சனிக்கிழமை பெருமாளுக்கு. பிறகு திங்கள் ஏகாம்பரநாதருக்கு, வெள்ளி காமாட்சிக்கு. எங்கள் ஊரில் சாமிக்கா பஞ்சம்? தெருவே என்னைப் பக்திமான் என்றது. விளக்கு வைத்ததும் இந்தப் பக்திமான் அடுத்த தெரு இட்லிக் கடையில் இருப்பான். பட்டினி கிடந்த நாட்களில்தான் அதிகம் தின்றேன். தின்னத் தின்னப் பசித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நண்பன் தறியை விட்டு எழவில்லை.

"ஊட்டுக்குப் போவலயா?" என்றேன்.

"அவ தென்னேரிக்கு அம்மா ஊட்டுக்குப் பூட்டாடா, பிரசவத்துக்கு. போறப்பகூட உன்னப் பத்திதான் பேச்சு. உன்ன ஒரு நாளு சாப்பாட்டுக்குக் கூப்புடணும்னு அவளுக்கு எவ்ளோ ஆச தெரியுமா? விரதக்காரன கூப்ட்டு விரதத்தக் கெடுத்தா பாவம்னு நான்தான் தடுத்துகினு இருந்தேன்."

ஊடை நூல் ஓட்டும் நாடா என் கையிலேயே நின்றது. அவன் கல்யாணத்திலிருந்து நான் காத்திருந்தது அந்த ஒரு அழைப்புக்குத்தான்.

"விரதமும் இல்ல, ஒரு மண்ணும் இல்லடா. தனியா துன்ன முடிலடா எனுக்கு."

நான் எதைச் சொன்னாலும் கிண்டல் என்றே எடுத்துக்கொள்கிறவன், இந்த முறை சிரிக்கவில்லை. குழியிலிருந்து காலைத் தூக்கி வெளியே வைத்தான்.

"சரி, கடைக்குப் போலாம் வா, நான் எலைய மடிக்கறப்ப நீயும் மடிச்சிடணும்."