கன்னியம்மாவுக்குப் பதிலாக

இந்த மே மாதத்தில் மட்டும் நான்கு பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிட்டேன். சின்னவளை ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. போகும் இடமெல்லாம் கழிவறையைப் பார்க்கிறேன். நூலகப் புத்தகங்களின் மேல் தூசி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறேன். வராந்தாவில் நடந்துபோகும் பிள்ளைகளின் முகங்களை உற்றுப் பார்க்கிறேன். "நீ என்ன பெரிய இன்ஸ்பெக்டரா?" என்று கணவர் கேலி செய்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுகிறேன். ஒரு பள்ளிக்கூடம் நல்லதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? எனக்குத் தெரியாது. என் பத்தாவது வயதில், ஒரே ஒரு நாள், ஒரு பள்ளிக்கூடத்தின் தரமாக நானே இருந்திருக்கிறேன். அதிலிருந்துதான் இந்தக் குழப்பம்.

அறுபதுகளின் கடைசி. தாம்பரத்தில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய ஒரு சின்ன ஊரில், பஞ்சாயத்து யூனியன் ஆரம்பப் பள்ளியில் அவள் டீச்சர். ஓட்டுக் கூரை போட்ட இரண்டு அறைகள். ஹெட்மாஸ்டர் ஒருவர், அத்தை ஒருத்தி. நானோ தாம்பரத்தில் மிஷன் பள்ளியில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். ஷூ, சாக்ஸ், நீல ரிப்பன். அத்தை டீச்சராக இருக்கும் பள்ளியில் என்னை ஏன் சேர்க்கவில்லை என்று நான் கேட்டதில்லை. வீட்டிலும் யாரும் அதைப் பேசியதில்லை.

அந்த மார்ச்சில் அத்தையின் பள்ளிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. பதிவேட்டில் இருக்கும் பிள்ளைகள் வகுப்பில் இருக்க வேண்டும். தலைகள் குறைந்தால் இரண்டாவது ஆசிரியர் தேவையில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டாவது ஆசிரியர் என்றால் என் அத்தை. சதுப்பில் தண்ணீர் வற்றும் அந்தச் சமயத்தில்தான் ஊரே கோரை அறுக்கப் போகும். பிள்ளைகளும் கூடவே போய்விடுவார்கள். அத்தை வீடு வீடாகப் போய்க் கெஞ்சியும் மூன்று பேர் குறைந்தார்கள். "வேலை போனால் வீட்டோடு இரு, யார் வேண்டாம் என்றது?" என்று அப்பா சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். அத்தை அன்று இரவு சாப்பிடவில்லை.

இரண்டு பேருக்குத் தன் சொந்தப் பிள்ளைகளையே உட்காரவைப்பதாக ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். மூன்றாவது ஆள் நான். கன்னியம்மா என்ற ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்குப் பதிலாக.

"பேர் கூப்பிட்டா 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லு. மத்தபடி வாயே திறக்கக் கூடாது, புரியுதா?" என்று பஸ்ஸில் போகும்போது அத்தை பத்து முறையாவது சொல்லியிருப்பாள். ஷூவை வீட்டிலேயே விட்டாயிற்று. பழைய பாவாடை, ரிப்பன் இருந்த இடத்தில் ஒரு துணிக்கிழிசல். வெறுங்காலோடு அந்த மண்ணில் நெருஞ்சிக்குப் பயந்து பயந்து நடந்ததைப் பார்த்து வகுப்பே சிரித்தது.

"இன்னாடி, நம்ம கன்னிம்மா இப்டி நடக்குறா? கால்ல மருதாணி காயலியா?"

"வாசனையைப் பாரு. சோப்பு போட்டுக் குளிச்சிகினு வந்துகீறா."

அத்தை மேஜையைத் தட்டினாள். எனக்குக் கோபம் வந்தது. நான் கன்னியம்மா இல்லை என்று சொல்லவும் முடியாது, கன்னியம்மாவாகச் சண்டை போடவும் தெரியாது.

இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எல்லாவற்றையும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெயர் கூப்பிட்டார்கள். "உள்ளேன் ஐயா" என்றேன். எல்லாம் சரியாகவே நடந்தது. பிறகு அவர் ஒரு பாடப் புத்தகத்தை எடுத்து, "கலங்கரை விளக்கம் பாடம் யார் படிக்கிறீங்க?" என்று கேட்டார். ஒரு கைகூட எழவில்லை. எங்கள் மிஷன் பள்ளியில் கேள்வி கேட்டுக் கை எழாமல் இருந்தால் விரல் முட்டியில் அடிக்கோலால் ஓர் அடி விழும். பழக்கம். என் கை தானாக மேலே போய்விட்டது.

அத்தையின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். ஆனால் எழுந்து நின்றுவிட்டேன். நின்ற பிறகு மோசமாகப் படிக்க எனக்கு வராது. "கடலோரத்தில் உயர்ந்து நிற்பது கலங்கரை விளக்கம்" என்று தொடங்கி, எங்கள் மிஸ் சொல்லிக்கொடுத்த மாதிரி கமா வந்த இடத்தில் நிறுத்தி, முற்றுப்புள்ளியில் மூச்சு வாங்கி, ஒரு பக்கம் முழுவதும் படித்தேன். நடுவில் ஒரு முறை இருமல் வந்தது, அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "டீச்சர், இந்த மாதிரி ஊர்ல இப்படி ஒரு குழந்தையா!" என்றார். ஐந்தாவது முடிக்கும் பெண்பிள்ளைகளுக்கு அரசாங்க விடுதியில் இடம் இருக்கிறது, சாப்பாடு, துணி, பள்ளிக்கூடம் எல்லாம் இலவசம், மே மாதம் சைதாப்பேட்டை ஆபீசுக்கு அழைத்து வாருங்கள், நானே படிக்கவைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். தன் சின்ன நோட்டில் 'கன்னியம்மா' என்று எழுதிக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தேன். பாராட்டு என்னுடையது, பெயர் அவளுடையது. அதை எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்தேன்.

பள்ளியின் படிப்புத் தரம் நன்று என்று எழுதிவிட்டுப் போனார். ஹெட்மாஸ்டர் பிள்ளைகளுக்குப் பொரி உருண்டை கொடுத்தார். அத்தையின் வேலை தப்பித்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துக் கன்னியம்மாவின் அப்பா எங்கள் வீட்டைத் தேடி வந்தார். கையில் ஓலையில் கோத்த இரண்டு விரால் மீன். வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டார்.

"டீச்சரம்மா, எம் பொண்ணு அம்மாம் நல்லா படிக்குதாமே? பெரிய ஆபீசரே சொல்லிட்டுப் பூட்டாராம். ஹெட்மாஸ்டரு சொன்னாரு. பெத்த எனுக்கே தெரியல பாரும்மா. அன்னிக்குக் கோரை அறுக்கத்தான் வந்துச்சின்னு நெனச்சிகினு இருந்தேன். எப்போ ஸ்கூலுக்கு ஓடிச்சின்னே தெரியல."

அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "லீவு விட்டதும் பத்து நாள் எங்க வீட்டுல விடுங்க. நான் தயார் பண்றேன்" என்றாள். அவர் போன பிறகு, "போய்ப் படிக்கலைன்னா எல்லாம் வெளியே வந்துடும் அண்ணி" என்று அம்மாவிடம் சொல்லிச் சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா மீனைக் கழுவிக்கொண்டே, "நல்ல நேரத்துல கையைத் தூக்கினே போ" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

மே மாதம் கன்னியம்மா ஒரு துணி மூட்டையோடு வந்தாள். என்னைவிடக் கொஞ்சம் உயரம். உள்ளங்கை முழுவதும் கோரை கீறிய கோடுகள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீதான் நானா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது.

தினமும் காலையில் அத்தை அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு எழுத்துகள் தெரியும், கூட்டிப் படிக்கத்தான் நேரம் பிடித்தது. கொம்பு வைத்த எழுத்து வந்தால் நின்றுவிடுவாள். அத்தை பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்வாள். எனக்குப் பார்க்கச் சகிக்காது. பத்து நாளில் இது எங்கே ஆகப்போகிறது?

மத்தியானம் வெயிலில் எல்லோரும் தூங்கும்போது, பின்பக்கம் முருங்கை மரத்தடியில் நானும் அவளும் இருப்போம். மூன்றாம் நாள் அவள் கேட்டாள்.

"அன்னிக்கு நீ இன்னா படிச்சே? அத்த அப்டியே எனுக்குச் சொல்லிக்குடேன்."

"அதுதான் காலைல அத்தை சொல்லித்தராங்களே."

"அத்து வேற. நீ படிச்சத்த அவரு கேட்டுக்கிறாரு இல்ல? நானும் அதே மாரி சொன்னாத்தான நான்தான்னு நம்புவாரு?"

எங்கள் இருவருக்கும் அது மிகச் சரியாகப் பட்டது. சைதாப்பேட்டையில் சோதிக்கப்போவது, அன்று படித்த பெண் இவள்தானா என்பதைத்தான் என்று நாங்கள் முழுமனதாக நம்பினோம். அன்று முதல் தினமும் மத்தியானம் கலங்கரை விளக்கம். நான் ஒரு வரி சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள். இரண்டே நாளில் பக்கம் முழுவதும் வந்துவிட்டது. அதற்கப்புறம் நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தவும், மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கவும் பழக்கினேன். என் இருமலைக்கூட விடவில்லை. அவள் அந்த இடத்தில் வாயில் கை வைத்து, ஒரே ஒரு முறை, என்னைப் போலவே இருமுவாள். இருவரும் மண்ணில் விழுந்து சிரிப்போம்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் சாயங்காலம், "எங்கே, ஏதாவது ஒரு பாடம் படி" என்றாள் அத்தை. கன்னியம்மா தானே கலங்கரை விளக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு கடகடவென்று படித்தாள்.  அத்தை அவளைக் கட்டிக்கொண்டாள். "இனி பயமில்லை அண்ணி! பொய் மெய்யாயிடுச்சு!" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எத்தனை வருடம் பாடம் சொன்னவள்! வேறொரு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துப் பார்க்க அன்று அவளுக்குத் தோன்றவில்லை.

ரயிலில் போகக் கன்னியம்மா பயந்ததால் என்னையும் அழைத்துப் போனார்கள். ஆபீசில் நான் அவர் கண்ணில் படக் கூடாது என்று அத்தை உத்தரவு. வெளியே வேப்பமரத்தடிப் பெஞ்சில் என்னை உட்காரவைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். கொஞ்ச நேரம்தான் இருந்திருப்பேன். பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். அவள் சரியாகச் சொல்கிறாளா என்று கேட்கத்தான் போனேன். அந்த மனிதர் என்னைப் பார்க்க வேண்டும், அந்தப் பாராட்டு யாருடையது என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்ற எண்ணமும் எங்காவது இருந்ததா? இத்தனை வருடம் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தார். ஜன்னலிலிருந்து பக்கம் தெரிந்தது. பெரிய தேன்கூட்டுப் படம், அதைச் சுற்றி ஈக்கள்.

கன்னியம்மா நிமிர்ந்து நின்றாள். "கடலோரத்தில் உயர்ந்து நிற்பது கலங்கரை விளக்கம்" என்று தொடங்கினாள்.

அருமையாகச் சொன்னாள். கமாவில் நிறுத்தினாள். என் இடத்தில் இருமினாள். அத்தையின் கை மட்டும் மெதுவாக உயர்ந்து பாதியில் நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார். அவளோடு சேர்ந்து என் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. அவர் கண்ணாடியை இறக்கி என்னையே பார்த்தார். நான் சிரித்தேன். கையைக்கூட ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

கடைசி வரிவரை அவர் தடுக்கவில்லை. "நல்லா சொன்னேம்மா. போ, வெளியே அந்தப் பொண்ணோட போய் உக்காரு" என்றார். அத்தை மட்டும் உள்ளே வெகுநேரம் இருந்தாள்.

உள்ளே என்ன பேசினார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தையின் வேலை போகவில்லை. அவர் முன்பு எழுதிய 'நன்று' அப்படியே இருந்தது. ஏன் விட்டார் என்று அத்தை ஒருநாளும் சொல்லவில்லை. கன்னியம்மாவின் மனுவில் மட்டும் கையெழுத்து விழவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் கோரை அறுக்கவும் பாய் முடையவும் போய்க்கொண்டிருந்தாள் என்று அம்மா சொல்லிக் கேட்டேன்.

ஆனால் திரும்பி வரும் ரயிலில் எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. ஜன்னலோரம் அத்தை, எதிரே நாங்கள் இருவரும்.

"நான் ஒண்ணும் தப்பா சொல்லலியே?" என்று கன்னியம்மா என் காதில் கேட்டாள்.

"ஓர் எழுத்துகூடத் தப்பில்லை" என்றேன்.

கிண்டி தாண்டியதும் அத்தை பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். தேன்கூட்டுப் பக்கத்தைத் திறந்து கன்னியம்மாவின் மடியில் வைத்தாள். "இதைப் படி" என்றாள். 

கன்னியம்மா விரலை வைத்தாள். "தே... னீ... தேனீ... க்... கள். தேனீக்கள். கூ... கூட்ட... மாக... வா... ழும்." ஒவ்வொரு சொல்லாக, நின்று நின்று, வியர்க்க வியர்க்கப் படித்தாள். கொம்பு வைத்த எழுத்தில் ஓரிடத்தில்கூடச் சிக்கிக்கொள்ளவில்லை. மீனம்பாக்கத்தில் மூன்று வரி முடிந்திருந்தது. பல்லாவரத்தில் ஐந்து. ஒரு தவறும் இல்லை. அத்தை புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின.

எதிர் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். இப்படித் திக்கித் திக்கிப் படித்து நம் மானத்தை வாங்குகிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. குரோம்பேட்டை வந்தபோது பொறுக்க முடியாமல் நான் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"போதும் அத்தை, கலங்கரை விளக்கத்தைச் சொல்லச் சொல்லுங்க. அதைத்தான் அவ நல்லா படிப்பா."