செவலை போன லோடு

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர் மிக்கேலம்மாளின் எலும்புப் பட்டிக்கு வழி கேட்க வேண்டியதில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று ஒரு நிமிடம் நின்று பார்த்தால் போதும். மேற்கேயிருந்து அடித்தால் டீக்கடையிலேயே வழி தெரிந்துவிடும். டீயின் ருசி தெரியாமல் போகும். அந்தக் கடை டீக்கு அது நல்லதுதான்.

பட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மாதையன் என்பவரின் நிலத்தில் இருபது சென்ட் குத்தகை, சுற்றிலும் ஓலைத் தட்டி, நடுவே வேப்பங்கிளையில் தொங்கும் பெரிய தராசு. ஒரு பக்கம் எலும்பு, ஒரு பக்கம் கொம்பு, ஒரு பக்கம் குளம்பு. செத்த மாட்டின் எலும்பு காட்டிலோ மேட்டிலோ வெளுத்துக் கிடந்தால் யாராவது பொறுக்கிக் கூடையில் கொண்டுவருவார்கள். மிக்கேலம்மாள் நிறுத்து வாங்கி, ஒரு லாரிக்குச் சேர்ந்ததும் சேலத்துப் பக்கம் ஒரு மில்லுக்கு அனுப்புவார். நாற்பத்தாறு வயது. ஊர் அவருக்கு வைத்த பெயர் எலும்புக்காரி. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். கோபித்துக்கொண்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது?

முதல் சில வருடம் அவரும் எல்லோரையும் போலத்தான் இருந்தார். வாங்கினார், விற்றார். ஒரு நாள் லாரி டிரைவரிடம், "இத்தன எலும்பயும் யாருங்க திங்கறாங்க?" என்று கேட்டார். டிரைவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு மிக்கேலம்மாளுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த லோடில் லாரி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து மில்லுக்கே போய்விட்டார். அங்கே மேஸ்திரியாக இருந்த யாகப்பன் என்பவர், நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் யாரிடமும் பேச முடியாத மனிதர், சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னார்.

அன்றோடு ஊரின் நிம்மதி போயிற்று.

ஆஸ்பத்திரி வரிசையில் கம்பவுண்டர் கேப்சூல் கொடுத்தால், "மேல இருக்கற கூடு எங்க சரக்கு" என்றார். தச்சர் மரம் ஒட்ட வஜ்ஜிரப் பசை காய்ச்சும்போது பக்கத்தில் நின்று, "தோலும் எலும்பும் கொதிக்குது, பாத்துக் கிண்டுங்க" என்றார். உப்புத்தாளில் மணலை ஒட்டவைப்பது அந்தப் பசை, தீக்குச்சி முனையில் மருந்தைப் பிடித்து நிறுத்துவது அது. கொம்பும் குளம்பும் வெந்தால் பெட்ரோல் தீயை அணைக்கிற நுரை தயாராகும் என்றார். இதைத் தீயணைப்பு வண்டிக்காரரே நம்பவில்லை. சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு வாத்தியாரிடம், "மாட்டு வயித்துக்குள்ள இருக்கற கணையத்துலருந்து எடுக்கறதுங்க சார் இது. ஒரு மாடு உங்களத் தூக்கி நிறுத்தியிருக்குது" என்றார். வாத்தியார் நல்லவர். மறுநாள் வழியில் ஒரு மாட்டைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்.

எலும்பைத் தொட்டால் தலைமுழுகுகிறவர்கள் ஊரில் உண்டு. மிக்கேலம்மாள் அவர்களோடு சண்டைக்குப் போவதில்லை. காய்ச்சல் வரட்டும் என்று காத்திருப்பார்.

எண்பத்திரண்டில் வானம் கைவிட்டது. பட்டிக்கு அந்த வருடம் வந்த அளவுக்கு எலும்பு அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. அதில் சந்தோஷப்பட முடியாது என்பது எடை போட்டவருக்கும் தெரியும். மாதையனின் ஜோடி எருதில் செவலை அந்தச் சித்திரையில் செத்தது. பதினோரு வருடம் உழுத மாடு. உழுத மாட்டை அந்தப் பக்கத்தில் யாரும் விற்கமாட்டார்கள். உப்பும் மஞ்சளும் போட்டு, புதுத்துணி போர்த்திப் புதைப்பார்கள். மாதையனும் தான் உழுகிற கொல்லையில்தான் புதைக்க நினைத்தார். கடப்பாரை போட்டால் பொறி பறந்தது. கிணற்று மேட்டில் போட்டார், பாறை. அந்த வருடம் ஊரில் கடப்பாரை இறங்கிய ஒரே இடம் ஏரிதான். தண்ணீர் வற்றிய ஏரியைவிட மெத்தென்ற மண் கிடையாது. செவலை அங்கே போனது.

மெத்தென்ற மண்ணாகப் பார்த்துத்தான் அரசாங்கமும் தோண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மறுவருடம் வைகாசியில் வறட்சி நிவாரண வேலை வந்தது. ஏரியைத் தூர் வார ஊரே கூடை எடுத்துக்கொண்டு இறங்கியது. அப்போது மாதையன் ஊரில் இல்லை. ஏரியூரில் மகள் வீட்டுக் கிணற்றை ஆழப்படுத்த ஒரு மாதம் போயிருந்தார். திரும்பி வந்து ஏரிக்குப் போனபோது செவலை இருந்த இடத்தில் ஒரு ஆள் ஆழத்துக்குப் பள்ளம் இருந்தது. பள்ளம் சுத்தமாக இருந்தது. அரசாங்க வேலை அவ்வளவு ஒழுங்காக நடந்ததற்கு வேறு சாட்சி அந்த வட்டாரத்தில் இல்லை.

நேராகப் பட்டிக்கு வந்தார், கையில் ஒரு போட்டோவோடு. தீர்த்தமலைத் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போனபோது எடுத்தது. படத்தில் மாதையன் விறைத்துக்கொண்டு நிற்கிறார்; செவலை இயல்பாக நிற்கிறது.

"ஏம்மா மிக்கேலு, இதப் பாரு. என் செவலை. இங்க வந்துதா?"

"இங்க வர்றதுக்கு எதுக்கும் மூஞ்சி இருக்காதுங்கண்ணா."

"ஏரியில தோண்டுன எலும்பு வந்துதா இல்லியா?"

"வந்துதுங்க."

"யாரு கொண்டாந்து போட்டா?"

"பேரு நான் கேக்கறதில்லீங்க. எடைதான் கேப்பேன்."

இது பொய். ஒவ்வொரு கூடையும் யாருடையது என்று மிக்கேலம்மாளுக்குத் தெரியும். அந்தக் கூடையை யார் தலையிலிருந்து இறக்கினார் என்பது மிக நன்றாகத் தெரியும். மாதையனின் மனைவி கோவிந்தம்மாள்.

"அப்ப என் செவலையத் திருப்பிக் குடு."

"லோடு போயி பத்து நாளாச்சுங்களே."

"போன எடத்துலருந்து கொண்டா. ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாப்பேன். வரலன்னா என் நெலத்துல பட்டி இருக்கக் கூடாது."

மிக்கேலம்மாளுக்கு அந்த நேரத்தில் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அண்ணா, இந்தப் படம் எதுல நிக்குது தெரியுங்களா? எலும்ப வேகவெச்சு எடுக்கற பசைங்க. பிலிம்லயும் அதுதான், இந்தக் காயிதத்து மேலயும் அதுதான். எந்த ஊரு மாடோ, அதும் எலும்புதான் உங்க செவலையப் புடிச்சிக்கிட்டு நிக்குது."

மாதையன் போட்டோவைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு மிக்கேலம்மாளைப் பார்த்தார். "உன் யாவாரத்த என்கிட்டயே காட்டறியா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னால் சொன்னதுதான். எலும்பு கொட்ட இடம் தருகிறவர் சுற்று வட்டாரத்தில் அவரைத் தவிர ஆளில்லை. மிக்கேலம்மாள் முன்பே கேட்டுப் பார்த்தாயிற்று. பட்டி போனால் தராசை விற்றுவிட்டுக் களையெடுக்கப் போக வேண்டும். களையெடுக்க முதலில் பயிர் வேண்டும்.

மிக்கேலம்மாளின் கணவர் ஸ்தனிஸ்லாஸ் அமைதியானவர். சமையல் அவர் பொறுப்பு, கோயிலில் பாட்டு அவர் பொறுப்பு. அன்று அவரும் ஒரு யோசனை சொன்னார். "ஒரு தொடையெலும்பு, நாலு விலாவெலும்பு எடுத்து சாக்குல கட்டிக் குடுத்துரு. இதுதான் செவலைன்னா இல்லன்னு எது சொல்லப்போவுது?"

"எடைக்கல்லு அப்படி இப்படி இருக்கும். பேரு மாறக்கூடாதுங்க."

எடைக்கல் பற்றி அவர் சொன்னதை இங்கே பெரிதுபடுத்த வேண்டாம். வியாபாரம் பார்க்கிறவர்களுக்குப் புரியும்.

மறுநாள் தண்ணீர்க் குடத்தோடு வந்த கோவிந்தம்மாள் தட்டிக்கு அந்தாண்ட நின்றபடி கேட்டார். "சொல்லிட்டியா?"

"இல்லக்கா."

"சொல்லியிருந்தா பட்டி தப்பிச்சிருக்குமே."

"உன் வூடு தப்பிக்காதே."

கோவிந்தம்மாள் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மிக்கேலம்மாள் சேலத்துக்குப் பஸ் ஏறினார். மில்லில் யாகப்பன் கணக்காகச் சொன்னார். பெருவெட்டு எலும்பெல்லாம் கடற்கரைப் பக்கத்து ஃபேக்டரிக்குப் போய்விட்டது. அரைக்கும்போது விழுந்த தூள் உர மூட்டையாக நிற்கிறது.

"அதுல வேற லோடு கலந்துருக்குங்களா?"

"அன்னிக்கு உன் லோடு மட்டுந்தாம்மா ஓட்டுனது. தூளு பூரா உங்க ஊருதான்."

ஒரு மூட்டையை வாங்கிக்கொண்டு திரும்பினார். தர்மபுரியில் மாறும் பஸ்ஸில் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னாம்மா மூட்டையில?" என்றார்.

"எருதுங்க."

"உசிரோடயா?"

"உசிரோட இருந்தா நானே அது மேல ஏறிப் போயிருப்பேன். எதுக்கு உங்க பஸ்சு?"

மூட்டை மேலே ஏறியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் பாலக்கோடு வரை யாருக்காகவோ ஜெபம் செய்வதுபோல் முகத்தை மூடிக்கொண்டு வந்தார்கள்.

ஆடிப் பதினெட்டு காலையில் மாதையன் பட்டிக்கு வந்தார். பின்னால் கோவிந்தம்மாள். மிக்கேலம்மாள் தராசைக் கிளையிலிருந்து இறக்கி வைத்திருந்தார். போவதானால் அதைத்தான் முதலில் எடுத்துப் போக வேண்டும். பக்கத்தில் மூட்டை.

"எங்க என் செவலை?"

"இதுலங்க."

மாதையன் மூட்டையைப் பார்த்தார். ஒரு எருது அவ்வளவு சின்னதாகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. முகம் சிவந்தது. "பதினோரு வருசம் உழுதவனத் தோண்டி எடுத்து இப்படிப் பொடியாக்க எவளுக்கு மனசு வந்துதோ, அவ கையி..."

"நிறுத்துங்க," என்றார் கோவிந்தம்மாள். "கைய சபிக்காதீங்க. காத்தால அந்தக் கையி கிண்டுன களியத்தான் தின்னீங்க."

மாதையன் திரும்பினார். எலும்பை விட வேறொன்று அவரை முதலில் தாக்கியது. "நீ ஏரி வேலைக்குப் போனியா?"

"போவாம? நீங்க மக வூட்ல தின்னீங்க. நான் என்னத்தத் திங்கறது?"

"மாதையன் பொண்டாட்டி மண்ணு சொமந்தாளா?"

"மண்ணுக்கு அது தெரியல."

ஸ்தனிஸ்லாஸ் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். யாரும் குடிக்கவில்லை.

"செவலைன்னு தெரியாமத்தான எடுத்தே?" இந்தக் கேள்வியை மாதையன் கொஞ்சம் கெஞ்சலாகவே கேட்டார்.

"தெரிஞ்சுது. துணி முன்னால வந்துது, அப்புறம் கொம்பு. கரை மேல கொட்டுன்னான் ஏரி வேல மேஸ்திரி. கரை மேல கொட்டுனா நாயி இழுக்கும். நம்ம மாட்ட நாயி இழுக்கறதப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா? பொறுக்கிக் கூடையில போட்டு நானே கொண்டாந்தேன். காசு வேணாம்னுதான் சொன்னேன். சும்மா வாங்கமாட்டேன்னுட்டா இவ. காப்பித்தூள் வாங்குனேன். நீங்களும் குடிச்சீங்க."

மாதையன் மூட்டை பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வாயைப் பிரித்துக் கையை உள்ளே விட்டார். சாம்பல் நிறத் தூள் விரல்களுக்கு நடுவில் இறங்கியது.

"இதுல என் செவலை எவ்வளவும்மா?"

"அத சொல்ல முடியாதுங்கண்ணா. லோடுல நூறு மாடு இருக்கும். உங்க மாடும் இருக்குது, அது சத்தியம். எத்தனை கைப்பிடின்னு கேட்டா பொய்தான் சொல்லணும்."

"நூறும் உழுத மாடா?"

"பாதி. மீதி பால் மாடு. ரெண்டு மூணு எருமையும் இருக்குங்க."

"எருமையா?" என்றார் மாதையன். செவலைக்கு எருமையைக் கண்டால் ஆகாது. விரலில் ஒட்டியிருந்த தூளை மூட்டைக்குள்ளேயே தட்டிவிட்டார். "மிச்சம் எங்க?"

"ஃபேக்டரிக்குப் போயிட்டுதுங்க. மாத்திரைக் கூடாவும், பிலிமாவும் வெளிய வரும்."

"யாரு முழுங்குவாங்க?"

"காய்ச்சக்காரங்க. மெட்ராசு, பம்பாய், எங்க காய்ச்சலோ அங்க."

"இவன் பாலக்கோட்டத் தாண்டிப் போனதே ஒரே ஒரு தடவதான்," என்றார் மாதையன். குரலில் வருத்தம் இருந்ததா, பெருமை இருந்ததா என்று ஸ்தனிஸ்லாஸால் கடைசிவரை முடிவுக்கு வர முடியவில்லை.

மூட்டையை அவரே தோளில் ஏற்றிக்கொண்டு தன் கொல்லைக்குப் போனார். முந்தின வாரம் ஒரு மழை பெய்து மண் இளகியிருந்தது. செவலையின் ஜோடி வெள்ளையோடு பக்கத்துக் கொல்லைக்காரரின் எருது ஒன்றை இரவல் வாங்கிப் பூட்டினார். புதைப்பதற்குச் சேர்த்தது போலவே தூளில் உப்பும் மஞ்சளும் கலக்கப் போனார். மிக்கேலம்மாள்தான் உப்பைத் தட்டிவிட்டார். "மஞ்சள் போடுங்க. உப்பு போட்டா பயிர் கருகும். அவன் வேலைக்கு வந்திருக்கான், படுக்க வரல."

மாதையன் தூவிக்கொண்டே போனார், வெள்ளை அதன் மேல் உழுதுகொண்டே போனது. ஆடிப் பதினெட்டில் எல்லோரும் ஆற்றுக்குப் போவார்கள். அந்த நான்கு பேர் மட்டும் கொல்லையில் நின்றார்கள்.

கடைசிச் சால் முடிந்ததும் மாதையன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். "வெள்ளைக்கும் வயசாவுது," என்றார் மிக்கேலம்மாளிடம். "இவன ஏரிக்குக் கொண்டுபோக மாட்டேன். நேரா உன்கிட்டயே கொண்டாந்துடறேன். ஆனா எதெது எங்கெங்க போவுதுன்னு ஒண்ணு விடாம எனக்குச் சொல்லிப்புடணும்."

"சொல்றேங்கண்ணா."

"அப்ப பட்டி எங்கயும் போவக்கூடாது. போயி தராச மாட்டு."

"மெதுவாப் பேசுங்க," என்றார் கோவிந்தம்மாள், வெள்ளையின் நுகத்தடியை அவிழ்த்தபடி. "காது கேக்குது அதுக்கு."