என் கணவரின் நட்சத்திரம் புஷ்பா அக்காவுக்குத் தெரியும்

இன்று என் கணவருக்குப் பிறந்தநாள். வேலை முடிந்ததும் இருவரும் ஈப்போவில் கோயிலுக்குப் போனோம்.

அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள், "பேர், நட்சத்திரம் சொல்லுங்கம்மா" என்றார்.

பெயர் வந்தது. நட்சத்திரம் வரவில்லை. கணவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய நட்சத்திரத்தை நினைவில் வைத்திருப்பது எங்கள் வீட்டில் என் வேலை.

வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அனுஷம், ஐயரே! இவங்க மகளுக்குப் பூராடம், அதையும் சேர்த்துக்குங்க."

புஷ்பா அக்கா. அலுவலகத்தில் என் பக்கத்து மேசை. என்னைவிட மூத்தவர்.

"எப்படிக்கா ஞாபகம் இருக்கு?"

"போன வருஷம் நீதான லா சொன்ன. தெனமும் காலையில பார்க்ல நடக்கிறேன்ல, மண்ட நல்லா வேல செய்யுது. ஒன்னக் கூப்பிட்டா தூக்கம் வருதுங்கிற."

"ரொம்ப நன்றிக்கா" என்றார் என் கணவர். அந்தக் குரலில் அவர் எனக்கு நன்றி சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஆகவே நாளை முதல் நானும் நடக்கப் போகிறேன். மூளை நலத்துக்காக என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அனுஷத்தை மீட்பதற்காக.

ஒரே ஒரு தடங்கல். நடப்பதற்கென்றே வாங்கிய காலணியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. வைத்த இடத்தை அப்போதே புஷ்பா அக்காவிடம் சொன்னதாக ஞாபகம். அவரிடம் கேட்க மாட்டேன்.

உங்களில் வேறு யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா?