மேல் வீட்டுக்காரியின் சுத்தம்

எங்கள் மேல் வீட்டுக்காரியிடம் ஒரே ஒரு குறை: சுத்தம். ஊரை எரித்துவிட்டார்கள் என்று இரண்டு பிள்ளைகளோடு எல்லை தாண்டி வந்தவள். சலவைக் கடையில் கறை எடுக்கும் வேலை. மை, எண்ணெய், ரத்தம், எதுவும் அவள் கையில் நிற்காது. அதுதான் வினையாகப் போனது.

அவள் கதவில் எவனோ பெயிண்டால் எழுதிவிட்டுப் போவான். "ஓடிப் போ" என்பதுதான் அதில் மரியாதையான பகுதி. விடியுமுன் எழுந்து துடைத்துவிடுவாள். படிக்கட்டில் அடிக்கும் தின்னர் நாற்றத்தை வைத்துத்தான் எனக்கே தெரியவந்தது. வீட்டு ஓனர் வேறு, "இவங்களால தொல்லை, காலி பண்ணச் சொல்லப்போறேன்" என்று ஆரம்பித்திருந்தார். புகார் பதிவானால்தான் அவர் வாயை அடைக்க முடியும்.

"போட்டோவாவது எடுத்தியா?"

"பிள்ளைங்க பாக்கறதுக்குள்ள துடைக்கணும்ல, அக்கா."

"துடைச்சுட்டா போலீஸ்ல எதைக் காட்டறது? என் தலையையா?"

"எங்க ஊர்ல கதவுல எழுத்து இருந்தா அடுத்து போலீஸ்தான் வரும். எழுதினவனைப் பிடிக்க இல்ல."

சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன வாரம் என் கதவிலேயே எழுதியிருந்தான். அவளுக்கு வக்காலத்து வாங்குகிறேனாம். கூடவே நாலு கெட்ட வார்த்தை. பயம்தான், பொய் சொல்வானேன். ஆனால் கடைசியில் ஓர் அத்தாட்சி கிடைத்ததே! படம் எடுக்கக்கூடத் தோன்றாமல் காவல் நிலையத்துக்கு ஓடினேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

போலீஸ்காரரோடு திரும்பி வந்தால் கதவு பளபளக்கிறது. பக்கத்தில் வாளியோடு அவள், வேலையை முடித்த திருப்தியில் நிற்கிறாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்கே!" படிக்கட்டே அதிரக் கத்தினேன்.

"உங்க பொண்ணு ஸ்கூலுக்குக் கிளம்பறதுக்குள்ள..." என்று இழுத்தாள்.

போலீஸ்காரர் நோட்டை மூடினார். "ஒண்ணுமே இல்லையேம்மா. எதை வச்சுப் பதிவு பண்றது?"

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆற்றாமையில் அழுகையே வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். சீருடையைக் கண்டாலே தெருவின் மறுபக்கம் போகிறவள், வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"துடைச்சேன் சார். மறக்கல. எழுதிக்குங்க."

முதல் முறை எழுதியதிலிருந்து ஆரம்பித்தாள். என்ன நிறம், எந்தக் கிழமை, என்ன வார்த்தை. எங்கள் பேச்சில் இன்னமும் தடுமாறுகிறவள், அந்த அசிங்கங்களில் மட்டும் தடுமாறவேயில்லை. அதைத்தானே நாங்கள் அவளுக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

போலீஸ்காரர் நோட்டைத் திறந்தார். "மெதுவாச் சொல்லும்மா" என்றார்.

மேல் படியில் அவளுடைய பிள்ளைகள் இருவரும் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளும் பார்த்தாள். பிறகு அடுத்த வார்த்தையைச் சொன்னாள்.